அணைக்கக் கூடாத கணினி

பதுளைக் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சண்முகராஜா, தன் கணினியை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அணைத்ததில்லை. மின்சாரக் கட்டணத்தை நினைத்து யாரும் பதற வேண்டாம். இரவில் அது ஓடிக்கொண்டிருக்காது. கடையைச் சாத்தும்போது அதை உறங்க வைத்துவிட்டுத்தான் போவார். அணைக்கிற பொத்தான் இருக்கும் பக்கம் மட்டும் அவர் விரல் போகாது.

காரணம் இருக்கிறது. ஐயரிடம் நாள் பார்த்து, நல்ல நேரத்தில், தேங்காய் உடைத்து உயிர் கொடுத்த யந்திரம் அது. ஒருமுறை அணைத்தால் அந்த நல்ல நேரம் அதோடு முடிந்துபோகும். மறுபடி தொடங்கும் நேரம் ராகு காலமாக அமைந்தால் யார் பொறுப்பு? உறங்க வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. எழுப்புவது புதிதாகத் தொடங்குவதாகாது, விட்டதைத் தொடர்வதுதானே. வீட்டில் விளக்கைக்கூட அணை என்று சொல்வதில்லை, குளிர வை என்றுதான் சொல்கிறோம். விளக்குக்கு உள்ள மரியாதை இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கணினிக்குக் கிடையாதா என்பது அவர் கட்சி.

கணினிக்கு இந்தச் சாத்திரமெல்லாம் தெரியாது. ஆனாலும் உறங்கச் சொன்னால் ஒழுங்காக உறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை இருந்த இடத்திலேயே நிறுத்தும். எழுதி முடிக்காத கோப்பு ஏதாவது கையில் தங்கியிருந்தால் அதை டிஸ்கில் எழுதி முடிக்கும். பிறகு தன் நினைவில் உள்ளது முழுவதையும் டிஸ்கின் ஒரு மூலையில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடும். காலையில் எழுந்ததும் அந்தப் பிரதியை வாசித்து, விட்ட இடத்தில் வந்து நிற்கும். இடையில் ஓர் இரவு போனதே அதற்குத் தெரியாது.

"நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு," என்பாள் அவர் மனைவி ராமலட்சுமி. "ராத்திரி பாதியில விட்ட சண்டைய, காலையில பல்லு வெளக்கும்போது அதே வார்த்தையில இருந்து தொடங்குவாரு."

சண்முகராஜா இதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வார்.

அந்த வருடம் சரசுவதி பூசையன்று கணினியை உறங்க வைத்து, திரைக்கும் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூமாலை சாத்தியிருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்து, கெமராக்கள், லென்சுகள், பிரிண்டர், கத்தரிக்கோல், ஸ்குரூ ட்ரைவர் வரைக்கும் வரிசையாக அடுக்கியாயிற்று. எல்லாவற்றுக்கும் பொட்டு. விஜயதசமி காலையில் நல்ல நேரம் வரும்வரை அவற்றில் ஒன்றையும் தொடக்கூடாது. பூசை முடிந்து, சுண்டல் பகிர்ந்து, கதவைப் பாதி இறக்கும் நேரத்தில்தான் அழகையா வந்து நின்றார்.

அழகையா ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை வெட்டி வெட்டி அவர் கையும் அதே உரத்துக்கு வந்திருந்தது. இரண்டு மாதமாக இந்தக் கடைக்கு அலைகிறார். ஒவ்வொரு முறையும் சண்முகராஜா சொல்லும் பதில் ஒன்றுதான். "அடுத்த வாரம் பார்ப்போம்."

"நாளைக்கு சாயங்காலம் தெவசங்க மொதலாளி," என்றார் அழகையா. "இன்னைக்கும் அடுத்த வாரம்னு சொல்லிடாதீங்க."

விஷயம் இதுதான். போன வருடம் விஜயதசமியன்று அவர் மனைவி ஜெயலெட்சுமி காலமானாள். நெஞ்சு வலி என்றாள், தோட்டத்து லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்து வந்த கார்த்திகை மழையில் மண் சரிந்து, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் பின்பாதியைக் கொண்டுபோனது. ஆட்கள் தப்பினார்கள். கல்யாணப் படம், அடையாள அட்டை, ஜெயலெட்சுமியின் போன் எல்லாம் மண்ணுக்குள் போயின. முதல் தெவசத்துக்கு மாலை போட ஒரு படம் இல்லை. வீட்டில் யாரிடமும் இல்லை, சொந்தக்காரர்களிடமும் இல்லை. அவள் முகம் உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் இடத்தில். பக்கத்து லயத்து ரஜீவின் கல்யாணத்துக்குச் சண்முகராஜா வீடியோ எடுத்திருந்தார். அதில் அவள் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறாள், கெமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள், போகிறாள். அவ்வளவுதான். அந்த வீடியோ இருந்தது பொட்டு வைத்துக்கொண்டு உறங்கும் அந்தப் பெட்டிக்குள்ளே. ரஜீவ் வாங்கிப்போன சீடியும் மண்ணோடு போய்விட்டது.

சண்முகராஜா கெட்ட மனிதர் இல்லை. இரண்டு மாதத்தைத் தள்ளிப்போட்டே கழித்தவர் என்பது உண்மை, அன்றைக்கு அழகையாவின் முகத்தைப் பார்த்ததும் இன்னோர் அடுத்த வாரம் அவர் வாயில் வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் கணினியை எப்படித் தொடுவது? நாளைக் காலை எழுப்பி வேலையைத் தொடங்கினால், படத்தைப் பிரித்து, துலக்கி, அச்சடித்து முடிக்க மத்தியானம் தாண்டிவிடும். பிறகு அழகையா பஸ் பிடித்து ஹல்துமுல்லை போய், அங்கிருந்து தோட்டத்துக்கு ஏறுவதற்குள் படையல் முடிந்திருக்கும்.

அவர் கணினியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பூசையில இருக்கிறது கணினி," என்றார். "உள்ளுக்க இருக்கிற டிஸ்குக்குப் பொட்டு வைக்கலையே?"

"சாமிக்குப் பொட்டு வச்சா வயித்துக்குள்ள இருக்கிறதுக்கும் சேர்த்துத்தாங்க," என்றாள் ராமலட்சுமி.

"நீ சும்மா இரு. முன்பக்கம் கை வைக்கப் போறதில்லை. பின்பக்கத்தால எடுக்கிறேன்."

ஒரு கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டாயிற்று. ஸ்குரூ ட்ரைவர் பூசையில் இருந்ததால் அதை எடுக்க முடியவில்லை. சட்டத்தை மீறுகிறவர்களுக்கும் சில சட்டங்கள் உண்டு. அடுத்த கடைக்குப் போய் ஹாஷிமிடம் இரவல் வாங்கினார். மாலை கசங்காமல், குங்குமம் உதிராமல், பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, டிஸ்கை உருவி எடுத்து, ஒரு வெற்றிலைத் தட்டில் வைத்து ஹாஷிம் கடைக்குக் கொண்டுபோனார். அழகையா தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்தார், அவருக்குப் பின்னால் ராமலட்சுமி.

ஹாஷிம் போன் திருத்துகிறவன், போட்டோ கொப்பி அடிக்கிறவன், கெட்டுப்போன டிஸ்குகளில் இருந்து படங்களை மீட்டுக் கொடுக்கிறவன். மூலையில் ஒரு பழைய லெப்டொப் வைத்திருக்கிறான். டிஸ்கை அதில் மாட்டியதும் திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. ஹாஷிம் அதை வாசித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். 

"அண்ணன், இது தூங்குற கணினியோட டிஸ்க். வாசிக்கலாம், எழுத விடமாட்டேங்குது."

"ஏனாம்?"

"ஒருத்தன் ராவைக்கு வெளிச்சத்த நூத்துட்டுப் படுக்கிறான்னு வைங்க. எது எங்க இருக்குன்னு எல்லாம் அவன் மனசுல இருக்கு. அவன் தூங்கக்குள்ள நீங்க போய் கட்டிலையும் அலுமாரியையும் மாத்தி வச்சா என்ன ஆகும்? அவன் எழும்பிப் பழைய கணக்குலதான் நடப்பான். முட்டுவான், விழுவான், கையில பட்டதையெல்லாம் ஒடைப்பான். உங்க கணினியும் அப்படித்தான். டிஸ்க்ல எது எங்க இருக்குன்னு தன் ஞாபகத்தத்தான் நம்பும், டிஸ்க்கத் திரும்பப் பார்க்காது."

"இப்ப என்ன செய்யலாம்?"

"ரெண்டு வழி. படத்த என் லெப்டொப்லயே வச்சு வேலை செஞ்சு, இங்கயே பிரிண்ட் எடுக்கலாம். இல்லாட்டி அது சேத்து வச்சிருக்கிற அந்த ஞாபகத்த அழிச்சிட்டு எழுதலாம். அப்ப நாளைக்குக் கணினி புதுசாத் தொடங்கும். ஒண்ணும் பழுதாகாது."

இரண்டுமே நல்ல வழிகள். சண்முகராஜாவுக்கு இரண்டுமே ஆகவில்லை. ஞாபகத்தை அழிப்பது என்றால் அணைப்பதுதானே? அதுவும் சரசுவதி முன்னால், அவள் அசந்திருக்கும் நேரத்தில்! ஹாஷிம் கடையில் அச்சடிக்கலாம்தான். ஆனால் விஜயதசமியின் முதல் படம் அடுத்தவன் பிரிண்டரில் வெளிவந்தால் ஸ்டூடியோ எதற்கு, போர்டு எதற்கு? மனுஷருக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. பதுளைக் கடைவீதியில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

"மூணாவது வழி இல்லையா?"

"கட்டாயப்படுத்தி எழுத வைக்கலாம்," என்றான் ஹாஷிம் விருப்பமில்லாமல். "ஆனா அது வழி இல்ல அண்ணன். அது புத்தியில்லாத வேலை."

"இங்க வேலைய முடிச்சு ஒரே ஒரு படம் இந்த டிஸ்க்ல போடப்போறோம், காலையில என் பிரிண்டர்ல அடிக்க. ஒரு படத்துல என்ன பெரிசா கட்டில், அலுமாரி? போடு."

ஹாஷிம் போட்டான். டிஸ்க் எழுத இடம் விட்டது, ரஜீவின் கல்யாணம் திரையில் ஓடத் தொடங்கியது. மேளம், மாலை, மொய் எழுதுகிற மேசை, பந்தி. "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றார் அழகையா. ஜெயலெட்சுமி இடது கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ ஏதோ கேட்டார்கள். அவள் கெமராப் பக்கம் திரும்பி, முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தாள். போய்விட்டாள்.

"இன்னொருக்கா போடுறீங்களா தம்பி?" என்றார் அழகையா. ஹாஷிம் போட்டான். கேட்காமலே மறுபடியும் போட்டான். அழகையாவின் கண்ணில் இருந்து நீர் வழிந்தது, அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சண்முகராஜாவுக்கு அந்த இரண்டு மாதமும் முள்ளாகக் குத்தியது.

சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, அந்தக் காட்சியை ஹாஷிம் தனிப் படமாகப் பிரித்தெடுத்தான். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை, திரையில் திறந்தபடி விட்டுவைத்தான். அழகையா கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். "அப்படியே இருந்தாப் போதுங்க மொதலாளி," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அப்படியே என்றால் ஸ்டூடியோக்காரருக்கு என்ன வேலை? இன்னொரு பிரதி எடுத்து, சண்முகராஜா கைவரிசையைக் காட்டத் தொடங்கினார். முகத்தை இரண்டு படி வெள்ளையாக்கினார். முன்பல் இடைவெளியை அடைத்தார். பருத்திப் புடவை பட்டாயிற்று. வாளி போயிற்று, அது இருந்த இடத்தில் ஒரு ரோசாப்பூ வந்தது. பின்னால் இருந்த தகரக் கொட்டகை அழிந்து, நீல நிறத்தில் மேகம் வந்தது. தேவலோகத்துக்குப் போன ஒரு பிரபலமான அம்மாள் மாதிரி ஜெயலெட்சுமி மிதந்தாள். சண்முகராஜாவுக்குத் தன் மேலேயே மதிப்புக் கூடியது. படத்தைத் தன் டிஸ்கில் சேமித்து, டிஸ்கைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கொப்பி இங்க வச்சிருக்கவா அண்ணன்?"

"கஸ்டமர் படத்த வெளியில விடுறது நம்ம கடையில வழக்கமில்லை."

ஹாஷிம் தோளைக் குலுக்கிவிட்டு, லெப்டொப்பின் மூடியை அப்படியே தட்டிச் சாத்தினான். அவன் எதையும் அணைத்துப் பழகியவன் இல்லை. அவனுக்கு ஐயரும் தேவையில்லை, சாத்திரமும் தேவையில்லை, சோம்பல் போதும். சார்ஜரையும் மாட்டவில்லை.

விஜயதசமி காலை. நல்ல நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே அழகையா வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். டிஸ்க் இரவே தன் இடத்துக்குப் போயிருந்தது. ராமலட்சுமி தீபம் காட்டினாள். சண்முகராஜா கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

கணினி விழித்தது. பூசைக்கு முந்திய வேளையில் எப்படி விட்டாரோ அப்படியே நின்றது. திரையில் பண்டாரவளை நகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாண அல்பம், பாதி வேலையில். அம்புக்குறிகூட மாப்பிள்ளையின் மூக்கில், நேற்று விட்ட இடத்தில்.

"பாத்தியா," என்றார் மனைவியிடம். "ஒரு மயிரிழை மாறல."

அதுதான் பிரச்சினை என்று அவருக்குத் தெரியவில்லை. படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தார். ஜெயலெட்சுமி இல்லை. தேடினார். இல்லை. கணினியைப் பொறுத்தவரை நேற்று என்ற நாளே வரவில்லை. யாரும் எந்தப் படத்தையும் வைக்கவில்லை. அது படுக்கும்போது அந்த இடம் காலியாக இருந்தது, காலியான இடத்தில் எழுத அதற்கு உரிமையும் இருந்தது. எழுந்த சுறுசுறுப்பில் தன் கணக்கு வழக்கையெல்லாம் அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. சண்முகராஜா பதறிப்போய் ரஜீவின் கல்யாண வீடியோவைத் திறந்தார். மேளம் கேட்டது. மாலை மாற்றும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு திரை உறைந்தது. பிறகு, வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாக, கணினி தானே அணைந்து தானே தொடங்கியது. அப்போது ராகு காலம்கூட இல்லை.

தொடங்கியதும் டிஸ்கைச் சோதிக்கிறேன் என்றது. பழைய ஞாபகம் ஒரு பக்கமும் புதிய எழுத்து ஒரு பக்கமும் இழுத்ததில், எந்தத் துண்டு எந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று அதற்கே பிடிபடவில்லை. சோதித்து முடித்தபோது ரஜீவின் கல்யாணம் இல்லை. நகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணமும் இல்லை. பெயர் தெரியாத துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. 

சண்முகராஜா அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நகைக்கடைக்காரரை நினைத்து அல்ல, அந்தப் பயம் வரிசையில் பின்னால் நின்றது. வாங்கில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை போனவளை, இப்போது தானே இரண்டாம் முறை அனுப்பிவிட்டோம் என்று நினைத்தார்.

"என்னங்க மொதலாளி, இன்னும் நேரம் செல்லுமா?" என்றார் அழகையா.

"போச்சு அழகையா," என்றார். "எல்லாம் போச்சு. நான்தான்…"

அழகையா எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மண்ணுக்குள்ள போனதுக்கு அப்புறமும் அவ இங்க இருக்கான்னு ஒரு தைரியம் இருந்துச்சுங்க," என்று மட்டும் சொன்னார்.

ராமலட்சுமிதான் முதலில் அசைந்தாள். "ஹாஷிம் தம்பி நேத்து அந்தப் படத்தத் தொறந்து வச்சிருந்துச்சே. மூடிச்சா?"

சண்முகராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கணினியை அணைக்கிறவர்களெல்லாம் விவரம் கெட்டவர்கள் என்றிருந்தவர், இன்றைக்குக் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். அந்தப் பயல் லெப்டொப்பை ஒழுங்காக அணைத்திருக்கக் கூடாது, தாயே.

ஹாஷிம் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தான். மூடியைத் தூக்கினான். திரை கறுப்பு. பொத்தானை அழுத்தினான். கறுப்பு.

"பெட்டரி செத்துட்டு," என்றான்.

சண்முகராஜா அவனுடைய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூடியைச் சாத்தி உறங்க வைத்த கணினி, ஞாபகத்தைத் தலையிலேயே சுமந்துகொண்டு உறங்குகிறது. பெட்டரி இருக்கும்வரைதான் தலை இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

"அவசரப்படாதீங்க அண்ணன். பெட்டரி சாகப் போறது தெரிஞ்சா, இது ராவோட ராவா எழும்பி, தலையில இருக்கிறத டிஸ்க்ல எழுதி வச்சிட்டுத்தான் படுக்கும். நான் அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன்." சார்ஜரை மாட்டினான். "இதோட டிஸ்க்க ஒருத்தரும் பின்பக்கத்தால உருவல்ல. அதனால பயமில்ல."

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. வாசலில் அழகையா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ராமலட்சுமி, கையில் தீபத் தட்டை வைக்க மறந்து அப்படியே கொண்டுவந்திருந்தாள். வட்டம் நின்றது. முன்பல் இடைவெளி தெரிய, வாளியும் கையுமாக, பருத்திப் புடவையில், தகரக் கொட்டகைக்கு முன்னால் ஜெயலெட்சுமி சிரித்தாள்.

சரசுவதி பூசையை அந்த வீதியில் ஒழுங்காக அனுசரித்தது ஹாஷிமின் லெப்டொப் ஒன்றுதான். உறங்கப் போனதில் இருந்து எழுப்பும்வரை அதை யாருமே தொடவில்லை. ராமலட்சுமி குங்குமத்தை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் போனாள். ஹாஷிம் அவசரமாகக் குறுக்கே வந்து, "சுண்டல் மட்டும் போதும் அக்கா, எங்க ரெண்டு பேருக்கும்," என்றான்.

படத்துக்கு முதலில் ஒரு பெயர் வைத்து லெப்டொப்பில் சேமித்தான், பிறகு ஒரு பென் டிரைவில், பிறகு அழகையாவின் போனில். அச்சடிக்கப் போகும்போது சண்முகராஜாவுக்குத் தொழில் புத்தி திரும்பியது. இழந்த மானத்தில் கொஞ்சத்தையாவது மீட்க வேண்டாமா?

"ஒரு பத்து நிமிசம் குடு ஹாஷிம். அந்த வாளிய மட்டும் எடுத்துட்டு ஒரு ரோசாப்பூ…"

"வாளி இருக்கட்டுங்க," என்றார் அழகையா.

"தெவசப் படத்துல சாம்பார் வாளியா?"

"அதுல சாம்பாரு இல்லீங்க மொதலாளி." அழகையா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கி பந்தியில பாதி இருக்கும்போதே தீந்துபோச்சு. ரஜீவோட அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. இவதான் வெறும் வாளியத் தூக்கிக்கிட்டு, இந்தா வருது, இந்தா வருதுன்னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு சுத்து வந்தா. அடுத்த சாம்பாரு வேகுற வரைக்கும் யாருக்கும் தெரியல. அந்த வாளி இல்லாட்டி இந்தச் சிரிப்பு எதுக்குன்னு இருக்குங்களா?"

ஹாஷிம் அச்சடித்தான். அழகையா படத்தைத் துவாய்த் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தெவசத்துக்கு நேரம் இருந்தது.

சண்முகராஜா தன் கடைக்குத் திரும்பினார். பெட்டி மாலையும் பொட்டுமாக, பெயரில்லாத துண்டுகள் மட்டும் மிஞ்சிய டிஸ்கோடு உட்கார்ந்திருந்தது. போன் அடித்தது. பண்டாரவளை நகைக்கடைக்காரர். மகளும் மருமகனும் அல்பம் பார்க்கக் காரில் புறப்பட்டுவிட்டார்களாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் கடையில் நிற்பார்களாம்.

"வாங்க, வாங்க," என்றார் சண்முகராஜா. "இந்தா ஆயிட்டே இருக்கு." சொல்லிக்கொண்டே, ஜெயலெட்சுமி சிரித்த மாதிரி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.